இயற்கை ஒயின்: எங்கே விலகி நிற்பது, எங்கே கை வைப்பது

இயற்கை வேளாண் முறையில் விளைந்த திராட்சையைக் கொண்டு சிறிய அளவில் ஒயின் செய்ய முனைபவர்கள், எதையும் சேர்க்காமலும் எதையும் நீக்காமலும் செய்வதா, வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். கேள்வியை அப்படி வைத்துக்கொண்டால், விடை சொல்வது ஏதோ ஒரு கட்சியில் சேர்வதுபோல் ஆகிவிடுகிறது. உண்மையில் அந்தக் கேள்விக்குள் ஐந்து முடிவுகள் அடங்கியிருக்கின்றன: எத்தகைய தோட்டத்துத் திராட்சை, எந்த ஈஸ்ட், எந்தக் கலம், சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும், சல்ஃபர் டை ஆக்சைடு தரும் கந்தகச் சேர்மம்) சேர்ப்பதா, வடிகட்டுவதா. ஒன்றில் தலையிட மறுப்பவர் எல்லாவற்றிலும் மறுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. ஒவ்வோர் இடத்திலும் தலையிடுவதால் இழப்பதும் வேறு, தலையிடாமல் விட்டால் இழப்பதும் வேறு. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அறுவடை நாளன்று சாற்றில் இருக்கும் அமிலத்தன்மைதான் என்ற முடிவுக்கே நான் வந்து சேர்கிறேன். அதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் திராட்சை. குறைந்த தலையீட்டில் ஒயின் செய்ய முடிவெடுத்தவருக்கு வழக்கமான ரசாயன வேளாண்மையில் விளைந்த திராட்சை பொருந்தாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பூஞ்சைக்கொல்லிகளின் எச்சம் தோலில் தங்கியிருந்தால், நொதித்தலைத் தொடங்கிவைக்க வேண்டிய ஈஸ்ட்டையும் அது ஒடுக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பவர் அதைச் சமாளித்துவிடலாம், சேர்க்காதவருக்கு வேறு வழி கிடையாது. ஆனால் இயற்கை வேளாண்மை என்றால் மருந்தே தெளிப்பதில்லை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, சாம்பல் நோய்க்குக் கந்தகம் என்ற இரண்டின் மீதுதான் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நிற்கிறது. தாமிரம் மண்ணில் சிதைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ, என்று அதற்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. கந்தகத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அறுவடைக்கு மிக நெருக்கத்தில் தெளித்தால் அது சாற்றோடு தொட்டிக்குள் வந்து, நொதிக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும். ஆகவே திராட்சை வாங்குபவர் சான்றிதழைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், கடைசியாகக் கந்தகம் தெளித்தது எப்போது என்றும் கேட்க வேண்டும்.

இயற்கை வேளாண்மைக்கும் உயிராற்றல் வேளாண்மைக்கும் இடையே தெரிவு செய்வது இதைவிடக் கடினம். ஆஸ்திரிய மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924-இல் ஆற்றிய உரைகளிலிருந்து பிறந்த இரண்டாவது முறையில், மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்து எடுத்த கரைசல் போன்றவை கட்டாயம். டெமெட்டர் என்ற அமைப்பு இதற்குச் சான்று வழங்குகிறது. அந்தக் கரைசல்களுக்கென்று தனி விளைவு உண்டு என்பது சோதனைகளில் தெளிவாக நிறுவப்படவில்லை. ஆனாலும் அந்த முறையைக் கடைப்பிடிப்பவர்கள் தோட்டத்தில் செலவிடும் நேரம், ஒவ்வொரு கொடியையும் பார்த்துப் பார்த்துக் கவாத்து செய்யும் பழக்கம், மண்ணை மூடிவைக்கும் பசுந்தாள் பயிர்கள் ஆகியவை மெய்யான பலன் தருபவை. நான் சான்றிதழைவிட இவற்றுக்குத்தான் மதிப்புக் கொடுப்பேன். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 1975-இல் உருவாக்கப்பட்ட சோலாரிஸ் போன்ற, பூஞ்சையைத் தாங்கும் கலப்பின வகைகள். இவற்றுக்குத் தெளிப்பு மிகக் குறைவாகவே தேவைப்படும். வாங்குபவர்களுக்கு அந்தப் பெயர்கள் பழகாதவை என்பதே பெரிய தடை. மழையும் ஈரமும் மிகுந்த இடத்தில் புதிதாகக் கொடி நடப்போகிறவர் அந்தத் தடையைப் பொருட்படுத்தாமல் இவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

புட்டியில் ஒட்டும் முத்திரைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது பொருத்தம். ஐரோப்பாவில் 2012-க்கு முன்பு 'இயற்கை வேளாண் திராட்சையிலிருந்து செய்த ஒயின்' என்று மட்டுமே அச்சிட முடிந்தது. அந்த ஆண்டு வந்த விதிகளுக்குப் பிறகுதான் ஒயின் செய்யும் முறையும் கணக்கில் வந்தது. அப்போதும்கூட அந்த விதிகள் உலர் ஈஸ்ட்டையும் சில நொதிகளையும் வடிகட்டலையும் அனுமதிக்கின்றன. சர்க்கரை எஞ்சாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரையும், வெள்ளைக்கு 150 மில்லிகிராம் வரையும் சல்ஃபைட்டுக்கு இடம் தருகின்றன. பிரான்சில் 2020-இல் ஏற்பு பெற்ற 'வேன் மெத்தோட் நாத்யூர்' என்ற முத்திரை இதைவிடக் கடுமையானது: சான்று பெற்ற திராட்சை, கையால் அறுவடை, தானே இருக்கும் ஈஸ்ட், சேர்மானம் எதுவுமின்மை, சல்ஃபைட் சேர்த்தால் மொத்தம் 30 மில்லிகிராமுக்குள். இந்த 30 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சல்ஃபைட்டைப் பேசும்போது அது மறுபடியும் தேவைப்படும்.

ஈஸ்ட்டில் இரண்டு வழிகள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, தானாக நொதிக்க விடுவது. மற்றது, வளர்த்து உலர்த்திய ஈஸ்ட்டைச் சேர்ப்பது. தானாக நொதிக்கும் தொட்டியில் முதல் சில நாட்கள் ஆட்சி செய்வது ஹான்சேனியாஸ்போரா போன்ற, சாராயத்தை அதிகம் தாங்காத ஈஸ்ட்கள். சாராய அளவு 4 அல்லது 5 விழுக்காட்டைத் தொடும்போது அவை தளர்ந்துபோக, சாக்கரோமைசிஸ் செரிவிசியே முன்னுக்கு வந்து வேலையை முடிக்கிறது. அந்த முதல் கட்டத்தில் பிறக்கும் மணங்கள்தாம் பலருக்கும் பிடித்த அடர்த்தியைத் தருகின்றன. அதே கட்டம் நீண்டுபோனால் எத்தில் அசிட்டேட் மிகுந்து நகப்பூச்சு வாடை வீசத் தொடங்கும், அதோடு காடிப் புளிப்பும் ஏறும். நலமான திராட்சைத் தோலில் சாக்கரோமைசிஸ் மிகச் சொற்பமாகவே இருக்கும். பல ஆண்டுகளாக ஒயின் செய்யும் கூடத்தின் சுவர்களிலும் கருவிகளிலும்தான் அது குடியிருக்கிறது. எனவே பழைய கூடத்தில் எளிதாக நடக்கும் தன்னொதித்தல், புதிதாகக் கட்டிக் கழுவித் துடைத்த கூடத்தில் முதல் ஆண்டிலேயே அதே எளிமையோடு நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தொடங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதேயில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

உலர் ஈஸ்ட் சேர்த்தால் ஒரு நாளுக்குள் தொட்டி பொங்கத் தொடங்கிவிடும். கெடுக்கும் கிருமிகளுக்கு இடமே கிடைக்காது. அதற்கு ஈடாக இழப்பது அந்த முதல் கட்டத்தின் பன்மையை. இதிலும் வேறுபாடு பார்க்க வேண்டும். மணம் எதையும் திணிக்காத, நடுநிலையான வகை ஒன்றைச் சேர்ப்பதும், குறிப்பிட்ட பழவாசத்தைக் கூட்டுவதற்கென்றே தேர்ந்த வகையைச் சேர்ப்பதும் ஒன்றாகாது. முன்னது காப்பு, பின்னது ஒப்பனை.

இரண்டுக்கும் நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் 'பியே த கூவ்' என்று சொல்லும் மூன்றாவது வழி இருக்கிறது. சிறிய உற்பத்தியாளருக்கு நான் பரிந்துரைப்பது அதையே. முழு அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக, தோட்டத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெடிப்போ அழுகலோ இல்லாத குலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொய்து, நான்கைந்து சிறு வாளிகளில் தனித்தனியே நசுக்கி, துணியால் மூடி, கதகதப்பான இடத்தில் வைக்க வேண்டும். மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ தோல்கள் மேலே எழும்பி, காதை அருகில் வைத்தால் மெல்லிய சீறல் கேட்கும். அப்போது ஒவ்வொரு வாளியாக மோந்து பார்க்க வேண்டும். ஒன்றில் ரொட்டி மாவு மணமும் பழவாசமும் இருக்கும். இன்னொன்றில் மூக்கைக் குத்தும் காடி நெடி இருக்கும். நெடி அடிப்பதைத் தயங்காமல் கொட்டிவிட்டு, நன்றாக மணப்பதைத் தினமும் சுவைத்து, இனிப்பு குறைந்து சாராயம் ஏறி வருகிறதா என்று உறுதி செய்துகொண்டு, பெரிய தொட்டியின் கொள்ளளவில் 2 முதல் 5 விழுக்காடு அளவுக்குச் சேர்க்கலாம். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ஆனால் தொட்டி தூங்கிக் கிடக்கும் ஆபத்தான நாட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முழு அறுவடையையும் பணயம் வைக்காமல் வாளி அளவில் தோற்றுப்பார்க்க முடிகிறது என்பதே இதன் பெரிய நன்மை.

எந்த வழியில் சென்றாலும் ஈஸ்ட்டுக்கு உணவு வேண்டும். அது பயன்படுத்தக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால், நொதித்தல் பாதியில் நின்றுபோகவோ அழுகிய முட்டை வாடை கிளம்பவோ வாய்ப்பு அதிகம். பயிர் உணவுக்குப் புல்லோடு போட்டியிடும் இயற்கைத் தோட்டங்களில் இந்தக் குறை அடிக்கடி நேர்கிறது. வழக்கமான முறையில் அம்மோனிய உப்பைச் சேர்த்துச் சரிசெய்வார்கள். எதையும் சேர்க்க மறுப்பவர் அடுத்த ஆண்டுக்காக வரிசைகளுக்கிடையே பயறு வகைகளை விதைக்கலாமே தவிர, இந்த ஆண்டுத் தொட்டிக்கு அதனால் பயனில்லை. ஆய்வகத்தில் ஒரு முறை அளந்து பார்த்துவிட்டு, அளவு மிகத் தாழ்ந்திருந்தால் அந்த ஆண்டு மட்டும் கொள்கையைத் தளர்த்திக்கொள்வதே முறை. பாதியில் நின்ற தொட்டியில் எஞ்சிய சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியா தின்னத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் பெருகும். அதை மீட்கக் குறைந்த தலையீட்டில் வழி கிடையாது. ஐரோப்பிய விதிப்படி சிவப்பு ஒயினில் ஆவியாகும் அமிலம் (பெரும்பாலும் இந்த அசிட்டிக் அமிலமே) பொதுவாக லிட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதால், அதைத் தாண்டியதை ஒயின் என்று விற்கவும் இயலாது.

இனி சல்ஃபைட். இதைப் பற்றித்தான் அதிகம் வாதிடுகிறார்கள், இதில்தான் எண்களைக் குறைவாகப் பார்க்கிறார்கள். ஒயினில் தனித்து இருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு முழுவதும் கிருமிகளை அடக்குவதில்லை. அதில் மூலக்கூறு வடிவில் இருக்கும் சிறு பங்குதான் அந்த வேலையைச் செய்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; அமிலம் மிகுந்தால் எண் குறையும்) தீர்மானிக்கிறது. பிஎச் 3.2 என்றால் ஏறத்தாழ 4 விழுக்காடு, 3.8 என்றால் 1 விழுக்காடுதான். மூலக்கூறு வடிவில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதல் ஒயினுக்குத் தனித்த சல்ஃபைட் 13 மில்லிகிராம் போதும். இரண்டாவதற்கு 50 மில்லிகிராம் தேவை. சேர்ப்பதில் ஒரு பகுதி மற்றப் பொருட்களோடு பிணைந்து பயனற்றுப் போவதால் மொத்த அளவு இன்னும் கூடும். இப்போது அந்த 30 மில்லிகிராம் வரம்பைத் திரும்பிப் பாருங்கள். அமிலம் மிக்க ஒயினில் அந்தச் சிறிய அளவு மெய்யாகவே காவல் நிற்கிறது. அமிலம் குறைந்த ஒயினில் அதே அளவைச் சேர்ப்பது மனநிறைவுக்குப் பயன்படலாமே தவிர, கிருமிகளைத் தடுக்காது.

சல்ஃபைட்டே சேர்க்காமல் விடுவதும் இதே கணக்குக்குள்தான் வருகிறது. பிஎச் தாழ்வாக இருந்தால் கெடுக்கும் பாக்டீரியாவுக்கும் பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட்டுக்கும் வாழ்வதே சிரமம். அங்கே விலகி நிற்பவர் நியாயமான துணிச்சலோடு நிற்கிறார். பிஎச் 3.7-ஐத் தாண்டிய ஒயினில் ஒன்றும் சேர்க்காமல் விடுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட சாறு வருமானால் முடிவைக் கூடத்தில் எடுப்பதற்குள் காலம் கடந்துவிட்டது; ஒரு வாரம் முன்னதாக, அமிலம் இன்னும் இருக்கும்போதே கொய்திருக்க வேண்டும். முழுப் பக்குவத்தையும் இனிப்பையும் விரும்பிக் காத்திருப்பவர், சல்ஃபைட் வேண்டாம் என்ற விருப்பத்தை அப்போதே கைவிட்டவராகிறார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

தோலோடு ஊறிய ஒயின்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. தோலிலும் விதையிலுமிருந்து இறங்கும் துவர்ப்பு காற்றினால் ஏற்படும் கெடுதலைத் தாங்குவதால், சிவப்பு ஒயினையும், தோலோடு நொதித்த ஆரஞ்சு நிற ஒயினையும் மிகக் குறைந்த சல்ஃபைட்டில் காப்பது, தோல் நீக்கிப் பிழிந்த மென்மையான வெள்ளை ஒயினைக் காப்பதைவிட எளிது. சல்ஃபைட் இல்லாமல் முதன்முதலில் முயல்பவர் வெள்ளையில் தொடங்க வேண்டாம்.

எப்போது சேர்ப்பது என்பதும் எவ்வளவு என்பதற்கு இணையான கேள்வி. நசுக்கிய உடனே சேர்த்தால் தோலோடு வந்த ஈஸ்ட்களில் பெரும்பகுதி ஒடுங்கிவிடும். அதன்பின் தன்னொதித்தல் என்று சொல்வதில் பாதிப் பொருள்தான் மிஞ்சும். பழத்தின் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றி முடித்த பிறகு, புட்டியில் அடைக்கும் சமயம் மட்டும் சிறிதளவு சேர்ப்பது அந்த இழப்பைத் தவிர்க்கிறது. பிரான்சின் பொஜொலே பகுதியில் ஒயின் வணிகராகவும் வேதியியலாளராகவும் விளங்கிய ஜூல் ஷோவே (1907–1989) சல்ஃபர் டை ஆக்சைடு இல்லாமல் நொதிக்கவைப்பதை ஆராய்ந்தபோது, கிருமிகளைத் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. நலமான முழுக் குலைகளும் நுண்ணோக்கியும் அவருடைய முறையின் பகுதிகளாக இருந்தன. அவர் வழியைப் பின்பற்றிய மோர்கோன் ஊரின் மார்செல் லாப்பியேரும் பழத்தைப் பொறுக்கி எடுப்பதில் மிகுந்த கண்டிப்பு காட்டியவர். குறைந்த தலையீடு என்பது குறைந்த உழைப்பு என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாமலிருக்க இவர்களை நினைவூட்டுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

உடல்நலத்தைக் காரணமாகச் சொல்லிச் சல்ஃபைட்டை விடுபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட் தானாகவே சிறிது சல்ஃபைட்டை உண்டாக்குகிறது. மொத்தம் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால், எதுவும் சேர்க்காத புட்டியிலும் 'சல்ஃபைட் உள்ளது' என்று அச்சிட்டாக வேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் மெய்யாகவே ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் பாக்டீரியா கட்டுப்பாடின்றிப் பெருகிய ஒயினில் ஹிஸ்டமின் போன்றவை கூடியிருக்கும் என்பதால், சேர்க்காதது எல்லாம் உடலுக்கு இதமானது என்று சொல்லிவிட முடியாது.

சல்ஃபைட் இல்லாத ஒயினில் பெரும்பாலும் நேரும் ஒரு கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலி வாடை என்று ஒயின் செய்பவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டானோமைசிசும் உண்டாக்கும் சில நைட்ரஜன் சேர்மங்கள் ஒயினின் அமிலத்தில் ஆவியாவதில்லை. எனவே கோப்பையை மோந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிய பின், உமிழ்நீர் அமிலத்தைத் தணித்ததும், எலிக்கூண்டின் நாற்றமும் பழைய பொரியின் வாசமும் கலந்தாற்போன்ற ஒன்று தொண்டையிலிருந்து எழுந்து நிமிடக்கணக்கில் தங்கிவிடுகிறது. சிலரால் இதை உணரவே முடியாது என்பதால், செய்பவர் தம் நாக்கை மட்டும் நம்பிப் புட்டியில் அடைக்கக் கூடாது. புறங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, சற்றுப் பொறுத்து மோந்து பார்ப்பது எளிய சோதனை. தோலின் குறைந்த அமிலத்தில் அந்த வாடை வெளிப்பட்டுவிடும். சில சமயம் பல மாதங்கள் தொட்டியிலேயே விட்டால் இது மறைவதும் உண்டு. அவசரப்பட்டு அடைத்தவரிடம் அந்த வாய்ப்பும் இருக்காது.

கலத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஜார்ஜியாவின் மண்ணில் புதைக்கும் க்வெவ்ரி தாழிகள் அழகும் தொன்மையும் உடையவை. அந்நாட்டில் ஒயின் செய்ததற்கான சான்றுகள் ஏறத்தாழ 8000 ஆண்டுகள் பழமையானவை, தாழியில் ஒயின் செய்யும் முறையை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபாக அறிவித்தது. புதைந்திருப்பதால் வெப்பம் சீராக இருக்கும், தோலோடு ஊறவைக்க ஏற்றது. ஆனால் நுண்துளைகள் கொண்ட தாழியைச் சுத்தமாகக் கழுவுவது தனித் திறமை. அதைக் கற்றவரின் துணையின்றி முதல் ஆண்டிலேயே சல்ஃபைட்டையும் துறப்பது இரட்டை ஆபத்து. பழைய ஓக் பீப்பாயில் காற்று மெல்ல நுழையும், மரத்தின் இடுக்குகளில் பிரெட்டானோமைசிஸ் ஒளிந்துகொள்ளும். விளிம்புவரை நிரப்பி மூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிக்குக் கவர்ச்சி குறைவு. சல்ஃபைட்டைக் குறைக்க விரும்புபவருக்கு அதைப்போல் உதவும் கலம் வேறில்லை.

வடிகட்டுவதா என்பதற்கு எஞ்சிய சர்க்கரையே பதில் சொல்கிறது. ஒரு குளிர்காலம் முழுதும் அசையாமல் இருந்தால் பெரும்பாலான வண்டல் தானாக அடியில் தங்கிவிடும். சிறிது கலங்கல் இருந்தால் குடிப்பவருக்குக் கேடில்லை. ஆனால் சர்க்கரை எஞ்சியிருக்க, வடிகட்டாமலும் சல்ஃபைட் இல்லாமலும் அடைத்தால் புட்டிக்குள் நொதித்தல் மீண்டும் தொடங்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் சுமார் 1 பார் அழுத்தம் உண்டாகும். அதற்கென்று செய்த கனத்த புட்டியில் வேண்டுமென்றே அப்படி அடைப்பது ஒரு நல்ல மரபு. சாதாரணப் புட்டியில் நேர்ந்தால் தக்கை தெறிக்கும், கண்ணாடியும் வெடிக்கும். எனவே சர்க்கரை முழுவதும் தீர்ந்த ஒயினை வடிகட்டாமல் அடையுங்கள். தீராததைத் தீரும்வரை, அடுத்த வசந்தம்வரை ஆனாலும், தொட்டியில் வையுங்கள்.

தனியொருவர் முதல் அறுவடையோடு என்னிடம் வந்தால் நான் சொல்வது இது. சான்று பெற்ற தோட்டத்துச் சிவப்புத் திராட்சையை பிஎச் 3.5-ஐத் தாண்டுவதற்குள் கொய்து, வாளியில் நொதிக்கவைத்துத் தேர்ந்த சாற்றைச் சேர்த்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் முடித்து, வடிகட்டாமல், அடைக்கும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுக்குச் சல்ஃபைட் இட வேண்டும். கொள்கையில் உறுதியாக இருப்பவருக்கு லாப்பியேரின் குடும்பம் காட்டிய வழி உதவும்: ஒரே மோர்கோன் ஒயினைச் சல்ஃபைட் இட்டும் இடாமலும் தனித்தனியே அடைத்து, எது எது என்று புட்டியிலேயே எழுத்தால் குறிப்பது. அப்படிப் பிரிப்பவர், இடாத பகுதியைத் தொலைதூர வணிகரிடம் ஒப்படைக்காமல், 14 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறாத இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் குடித்துவிடுவதாக ஏற்பவர்களுக்கு மட்டும் நேரடியாக விற்க வேண்டும். கப்பலிலோ லாரியிலோ வெயிலில் செல்லப்போவது எல்லாம் இட்ட பகுதியாகவே இருக்கட்டும்.